சித்தியின் சாயத் தொட்டியும் நூற்றுப் பதினொரு வினைச்சொற்களும்

"கோ வெண்ட் கான்" என்று சித்தியின் குரல் கேட்டதும் நடுத்தொட்டியிலிருந்து சட்டம் மேலே வந்துவிட வேண்டும். அதில் தொங்கும் இருபது அலமாரிக் கைப்பிடிகளும் அப்போது வெளிர்பொன் நிறத்தில் இருக்கும். "கட் கட் கட்" என்றால் இடது தொட்டிச் சட்டம் எழ வேண்டும். "ஸ்லீப் ஸ்லெப்ட் ஸ்லெப்ட்" என்றால் வலது தொட்டி, அது செம்பு நிறம். பழுப்பு நிறம் வேண்டுமென்றால் பட்டியல் "ரைட் ரோட் ரிட்டன்" வரை முழுதாக ஓடி முடிய வேண்டும். கறுப்புக்கு அதே பட்டியல் மூன்று முறை.

சித்தி வேலை பார்ப்பது அலுமினியக் கைப்பிடிகளுக்கு நிறம் ஏற்றும் பட்டறையில். கைப்பிடிகளை ஒரு சட்டத்தில் கொக்கி கொக்கியாக மாட்டி, முதலில் மின்சாரம் பாயும் அமிலத் தொட்டியில் அரைமணி நேரம் இறக்குகிறார்கள். உலோகத்தின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்கின்றன. பிறகு அலசல், பிறகு சாயம், கடைசியில் வெந்நீர். வெந்நீரில் அந்தத் துளைகள் மூடிக்கொண்டுவிட்டால் சாயம் உள்ளேயே தங்கிவிடும். அமிலத் தொட்டியில் ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் குடி முழுகிப் போகாது. சாயத் தொட்டி அப்படியில்லை. பத்து விநாடி கூடினால் பொன் தேனாகிவிடும். பத்து விநாடி குறைந்தால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம் மாதிரி வெளுத்துப் போகும்.

அப்படியானால் கடிகாரம் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று முதல் நாள் நானும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டிக் கூடத்தில் அமில ஆவி எப்போதும் மெல்லியதாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலாளி இதுவரை நான்கு சுவர்க்கடிகாரங்களையும் இரண்டு மின்மணிகளையும் அங்கே மாட்டிக் கொன்றிருக்கிறார். கைபேசி வைத்துப் பார்த்தார். அது சாயத் தொட்டிக்குள் விழுந்தது. எடுத்தபோது அதன் உறை நல்ல பொன்னிறத்தில் இருந்தது என்றும், பேச்சுத்தான் வரவில்லை என்றும் சொல்கிறார்கள். அன்றைக்குக் கூடத்து வாசலில் ஒட்டிய 'கைபேசிக்கு அனுமதி இல்லை' என்ற தாள் இன்றும் இருக்கிறது. கடிகாரம் உயிரோடு இருந்தாலும் பயன் குறைவுதான். ஈரக் கையுறையோடு சட்டத்தைப் பிடித்து அசைத்துக்கொண்டே இருப்பவர்கள் எந்தச் சுவரைத் திரும்பிப் பார்ப்பது? மூன்று தொட்டிக்கு மூன்று மணி அடித்தால் யாருக்கு அடித்தது என்று எப்படித் தெரியும்?

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு சித்தி அலசல் வேலைக்குச் சேர்ந்தபோது, சாயத் தொட்டியில் இருந்தவர் ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தாராம். யாராவது பேச்சுக் கொடுத்தால் அவருக்கு எண்ணிக்கை தப்பிவிடும். நாற்பத்தேழா ஐம்பத்தேழா என்று விழிப்பார். எண்கள் ஒன்றைப்போல ஒன்று இருக்கின்றன, அதுதான் தொல்லை என்று சித்திக்குத் தோன்றியிருக்கிறது. அவர் விடுப்பில் போன ஒரு நாள், சித்தி தொட்டியருகே நின்று, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நீளமான விஷயத்தைச் சத்தமாகச் சொன்னாள். அரைஸ் அரோஸ் அரிஸன். அவேக் அவோக் அவோக்கன். பி வாஸ் பீன்.

பள்ளியில் ஆங்கில ஆசிரியை தினமும் வருகைப் பதிவுக்கு முன்னால் அந்த நூற்றுப் பதினொரு வினைச்சொற்களையும் ஒரே மூச்சில் வகுப்பைச் சொல்ல வைப்பாராம். ஒரு குரல் தடுக்கினாலும் மறுபடி அரைஸிலிருந்து. சித்தி ஆங்கிலத்தில் இரண்டு முறை தோற்று, பதினாறு வயதில் பள்ளியை விட்டாள். "படிப்பு என்னை விட்டுப் போயிடுச்சு. பட்டியல் மட்டும் போகல" என்பாள். ஒவ்வொரு சொல்லும் வேறு சத்தம் என்பதால் நடுவில் இடம் தவறவே தவறாது. ஒரு வரிக்குச் சரியாக இரண்டு விநாடி. குரல் உரக்க இருப்பதால் கூடத்தில் எல்லோருக்கும் பட்டியல் எங்கே நிற்கிறது என்று தெரியும். மூன்று சட்டங்களும் அரைஸில் ஒன்றாக இறங்கி, அவரவர் சொல்லில் மேலே வரும். பட்டறையில் அவளுக்குப் பெயரே மணிக்கூண்டு.

நான் நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு முதுகுப்பையோடு திரும்பி வந்திருந்தேன். பழத்தோட்டம், விடுதி வரவேற்பு மேசை, ஒரு கப்பலின் சமையலறை என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவள் வீட்டில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். சித்தி மறுநாளே பட்டறையில் பொட்டலம் கட்டும் மேசைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நிறம் ஏறிய கைப்பிடிகளைத் துடைத்து, தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்குவது என் வேலை. மேசைக்கும் தொட்டிக் கூடத்துக்கும் நடுவே ஒரு கம்பி வலை மட்டும்தான். காலையிலிருந்து மாலை வரை பட்டியல் என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது பட்டறையில் ஒரு பெரிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து மனையில் முதலாளி இரண்டாவது கொட்டகை போட்டிருந்தார். ஆறு தொட்டி. அதை யார் பொறுப்பில் விடுவது என்பது கேள்வி. சித்தி எதையும் வாய்விட்டுக் கேட்டு வாங்கும் ஆள் இல்லை. இதை மட்டும் நேராகப் போய்க் கேட்டிருந்தாள். முதலாளி முகம் கொடுத்துத்தான் பேசினார். ஒரு பெரிய மரச்சாமான் நிறுவனம் வெளிர்பொன் கைப்பிடிகளுக்கு மாதிரி கேட்டிருக்கிறது, இருநூறு கைப்பிடிகளும் அவர்களுடைய ஆய்வில் தேறினால் கொட்டகை உன்னுடையது என்றார். தேறாவிட்டால் இயந்திரக் கை. சட்டத்தைத் தானே இறக்கித் தானே தூக்கும் இயந்திரக் கை ஒன்றை விற்க ஒரு ஆள் மூன்று வாரமாக அலுவலக அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அது வந்தால் பொறுப்பும் அதை இயக்கத் தெரிந்தவருக்குத்தான்.

அந்த ஆய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இதற்கெல்லாம் அர்த்தம் தெரியுமா என்று சித்தியைக் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு தெரியும் என்றாள். கம், கோ, ஈட், கட். மற்றதெல்லாம் சத்தம்தான்.

"இத்தனை வருஷமா நூறு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். யார் யாருன்னு தெரிஞ்சுக்க வேணாமா? சொல்லு."

அன்று மாலையே மொட்டை மாடியில் ஆரம்பித்தோம். கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்தபடியே ஒரு நாளைக்குப் பதினைந்து சொல். அவள் கேட்டுக்கொள்ளும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லையும் வாங்கி, திருப்பிப் பார்த்து, எங்கே வைப்பது என்று யோசித்துத்தான் அடுத்ததற்கு வருவாள். 'பேர் போர் பார்ன்' என்றால் சுமப்பது, பிள்ளை பெறுவதும் அதுவே என்றேன். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது யாரோ விவரமான ஆள், நிச்சயம் பெண்ணாகத்தான் இருக்கும் என்றாள். 'பெட் பெட் பெட்' என்றால் பந்தயம் கட்டுவது என்றதும், படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்த சித்தப்பா தலையைத் தூக்கி, கல்யாண நாளிலிருந்து தான் கட்டிக்கொண்டிருப்பது அதுதான் என்றார். பதிலுக்கு ஒரு ஈரத்துண்டு அவர் மேல் பறந்து போனது. 'க்ரீப் க்ரெப்ட் க்ரெப்ட்' என்றதும் சித்தி எழுந்து நின்று, தாமதமாக வரும் ஏணி பக்கவாட்டுக் கதவு வழியாகப் பட்டறைக்குள் பதுங்கி நுழைவதை நடித்துக் காட்டினாள். ஏணி என்பது இடது தொட்டிக்காரன். வாசல் நிலையில் தலை இடிக்காத நாளே அவனுக்குக் கிடையாது.

ஆங்கிலத்தில் மற்ற சொற்களெல்லாம் நடந்து முடிந்ததைச் சொல்ல ஒரே மாதிரி வாலை ஒட்டிக்கொள்கின்றன, இந்த நூற்றுச் சொச்சம் மட்டும் தம் இஷ்டத்துக்கு உருமாறுகின்றன என்று நான் விளக்கினேன். ஏன் என்று கேட்டாள். தினமும் புழங்கிய சொற்களாக இருந்ததால் பழைய உருவம் அப்படியே நிலைத்துவிட்டது என்று எங்கேயோ படித்ததைச் சொன்னேன்.

"அப்ப ரொம்ப உழைக்கிறவங்க மேல யாரும் கை வைக்க முடியல. நல்லதுதான்" என்றாள்.

மூன்றாம் நாள் மாலை 'கோ' வரை வந்து நிறுத்தினோம். நாற்பத்தைந்து சொல். மறுநாள் ஆய்வு.

ஆய்வாளர் ஒரு அம்மாள். பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து ஜன்னலோர மேசையில் விரித்தார். இரண்டு முனையிலும் இரண்டு கைப்பிடிகளை வைத்தார். ஒன்று இருக்கக்கூடிய மிக வெளிர் பொன், மற்றது இருக்கக்கூடிய மிக அடர் பொன். நடுவில் எது வந்தாலும் சரி, வெளியே போனால் கிடையாது என்றார். சித்தி அந்த இரண்டையும் ஒரு முறை பார்த்தாள். அதுவே போதும் என்பதுபோல் கூடத்துக்குள் போய்விட்டாள்.

முதல் சட்டம் இறங்கியது. அரைஸ் அரோஸ் அரிஸன். நான் வலைக்கு இந்தப் பக்கம் தாளை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு முதல் பத்துச் சொல்லிலேயே ஏதோ உறுத்தியது. 'பில்ட்'டில் குரல் ஒரு நொடி தங்கியது. 'ட்ரிங்க் ட்ராங்க் ட்ரங்க்' வந்தபோது அதில் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது. குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் சித்தப்பாவின் அண்ணன் நினைவுக்கு வந்திருப்பார். 'ஃபீட் ஃபெட் ஃபெட்'டில் சித்தி நின்றேவிட்டாள். மூச்சு வாங்குகிற மாதிரி நின்று, பிறகு தொடர்ந்தாள். 'கோ வெண்ட் கான்' வந்தபோது சட்டம் மேலே வந்தது.

ஆய்வாளர் அந்த இருபதையும் துணியில் வரிசையாக வைத்தார். அடர் பொன்னுக்கு அப்பால் நின்றன. அடுத்த சட்டம் தேறியது. அதற்கடுத்தது மறுபடி அடர்ந்து போனது. பத்துச் சட்டத்தில் நான்குதான் நடுவில் வந்தன. எல்லாமே அடர்ந்திருந்தாலும் ஒரு ஒழுங்கு இருக்கும், இது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே என்று ஆய்வாளர் முதலாளியிடம் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. நாளை மறுநாள் இதே பக்கம் இன்னொரு வேலை இருக்கிறது, போகும்போது எட்டிப் பார்க்கிறேன், அன்றைக்கும் இப்படியென்றால் வேறு இடம்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று துணியை மடித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் சித்தி பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். பசி போனவள் மாதிரி இல்லை. வழக்கம்போலத்தான் சாப்பிட்டாள்.

"சித்தி, 'ஃபீட்'ல நின்னுட்டீங்க."

"தெரியும்."

"'பில்ட்'லயும்."

"அதுவும் தெரியும். பில்ட்னதும் நம்ம மாடி ஞாபகம் வருது. கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டலையேன்னு தோணுது. ஃபீட்னா எம் புள்ள, உன் தம்பி, வாயைத் திறந்துக்கிட்டு வந்து நிக்கிறான். இருபத்தி ரெண்டு வயசுப் பய, எங்கேயோ தூரத்துல வேலை பாக்குறவன், இங்க சாயத் தொட்டிக்குப் பக்கத்துல வந்து நிக்கிறான்டி. ஒரு வாய் குடுக்காம எப்படி அடுத்ததுக்குப் போறது?"

எல்லாம் என்னால்தான் என்றேன். அவளுடைய கொட்டகையை நான் மூன்றே மாலையில் கெடுத்துவிட்டேன் என்பது வெளிச்சமாகத் தெரிந்தது. அர்த்தத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பழையபடி வெறும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

சித்தி டப்பாவை மூடினாள்.

"ஊரெல்லாம் சுத்திட்டு வந்தவ நீ. பாத்த இடத்தைப் பாக்காத இடமா மாத்த உன்னால முடியுமா? தெரிஞ்சது தெரிஞ்சதுதான். கோ-ல தூக்கினா அடர்ந்து போகுதுல்ல, அப்ப வேற இடத்துல தூக்கணும். எந்த இடம்னு கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான் வேலை. நீ உன் போனை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வா."

அலுவலக அறையில் முதலாளியும் இயந்திரக் கைக்காரரும் இருந்தார்கள். முதலாளியின் முகம் சரியில்லை. இயந்திரக் கைக்காரர் படம் போட்ட தாள்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். சித்தி வாசலிலேயே நின்று பேசினாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு சார். கையை அப்புறம் பாக்கலாம். முதல்ல என் வாயைப் பாத்துடலாம்."

முதலாளி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த அறையை மாலை வரை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். இயந்திரக் கைக்காரர் தேநீரோடு வெளியே நகர்ந்தார்.

சித்தி கதவைச் சாத்திவிட்டு, கையில் ஒரு வெறும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அது இல்லாமல் அவளுக்கு வராது. 'அரைஸ்' வந்ததும் நான் கைபேசியை அழுத்த வேண்டும், 'கோ' வந்ததும் நிறுத்த வேண்டும். பழைய கணக்கில் தொண்ணூறு விநாடி வர வேண்டியது. முதல் முறை நூற்றுப் பதினொரு விநாடி வந்தது. அடுத்து தொண்ணூற்றெட்டு. அடுத்து நூற்றேழு. பொட்டலத் தாளின் பின்புறத்தில் நான் எழுதிக்கொண்டே வந்தேன். மெதுவாகிப் போனால் பரவாயில்லை, ஒரே மெதுவாக இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். இது காற்றில் ஆடும் விளக்கு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சித்தி தாளைக் கேட்கவே இல்லை. இன்னொண்ணு என்று மட்டும் சொல்வாள்.

பன்னிரண்டாவது முறைக்கு மேல் ஆட்டம் குறைந்தது. நூற்றாறு, நூற்று மூன்று, நூற்றைந்து. மாலைக்குள் இருபது முறை சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் வேலை தொடங்கும் முன்பு இன்னும் எட்டு. கடைசி ஆறும் நூற்று நான்கு, நூற்று நான்கு, நூற்று நான்கு என்றே வந்தன. கடைசியில் தொண்டை கரகரத்தது, எண் மாறவில்லை. தம்பி போய்விட்டானா என்று கேட்டேன்.

"இருக்கான். முதல்ல எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டே நின்னான். இப்ப வந்ததும் சாப்பிட்டுட்டு அவன் பாட்டுக்குப் போயிடறான்" என்றாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "தொண்ணூறு எங்க வருதுன்னு பாரு."

நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் தொண்ணூறாவது விநாடி 'ஃப்ளை ஃப்ளூ ஃப்ளோன்' முடியும் இடத்தில் வந்தது. கோவுக்கு ஆறு சொல் முன்னால். சித்தி அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உதவாதென்று ஒதுக்கிய பழைய கைப்பிடிகள் இருபதைச் சட்டத்தில் மாட்டி, அமிலத் தொட்டி முடிந்ததும் நடுத்தொட்டியில் இறக்கினாள். ஃப்ளையில் தூக்கினாள். அலசிவிட்டு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். வெளிர்பொன் சரியாக வந்திருந்தது. அவள் அடுத்த சட்டத்தை மாட்டப் போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது மற்ற இரண்டு தொட்டிகள். பட்டியல் மெதுவாகிவிட்டதால் அவர்களுடைய குறிகளும் நகர வேண்டும். வலது தொட்டியில் இருப்பவளுக்குப் பெயர் புதுசு. சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. அவளுக்கு ஸ்லீப்புக்குப் பதில் ஏழு சொல் முன்னால் 'ஷூட் ஷாட் ஷாட்' கிடைத்தது. அதில் அவளுக்கு மகா திருப்தி. தூங்குகிற வார்த்தையில் வேலை பார்க்கிறவள் என்று ஏணி அவளைக் கேலி செய்வதற்கு அன்றோடு முடிவு வந்தது. ஏணிக்குத்தான் கஷ்டமாகிப் போனது. அவனுடைய 'கட்' இப்போது மூன்று சொல் முன்னால் 'கம் கேம் கம்'முக்கு வந்துவிட்டது.

"பதினஞ்சு வருஷமா கட்டுக்குத் தூக்கின கை அக்கா இது. கம்னு சொன்னா கை கம்முனு இருக்குதே, நான் என்ன பண்றது?"

தொட்டியில் தண்ணீரை மட்டும் நிரப்பி வெறும் சட்டத்தோடு அவனை நிற்க வைத்தாள் சித்தி. பட்டியலைத் தொடக்கத்திலிருந்து சொல்லி, கம் வரும்போதெல்லாம் முழங்கையில் ஒரு தட்டு. இருபது தடவைக்கு மேல் ஆயிற்று. கடைசியில் தட்டுவதற்கு முன்பே சட்டம் எழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்தவன் மேலே போன குழாயில் தலையை இடித்துக்கொண்டான்.

ஆய்வாளர் அம்மாள் சொன்னபடி மறுநாள் காலையிலேயே வந்தார். இந்த முறை வெள்ளைத் துணியை விரித்துவிட்டு உட்காரவில்லை. போன தடவை நிறம் ஏன் அப்படி ஆடியது, எதை வைத்து நேரம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். முதலாளி தொண்டையைச் செருமினார். பழைய அனுபவம், கைப்பழக்கம் என்று ஏதோ இழுத்தார். மின்மணி ஒன்று வரவிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். சித்தி கையுறையை மாட்டிக்கொண்டே இடைமறித்தாள்.

"வாயை வச்சுத்தான் பாக்குறோம்மா. வந்து கேளுங்க. உங்க வாட்சை மட்டும் கழட்டி அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டு வாங்க, உள்ள வந்தா செத்துப் போயிடும்."

ஆய்வாளர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் என்னருகில் நின்று, மணிக்கட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார். முதலாளி அவருக்குப் பின்னால் நின்றார்.

அரைஸ் அரோஸ் அரிஸன் என்று தொடங்கியது. பேர் போர் பார்ன் கடந்தது. பில்டில் குரல் கொஞ்சம் தணிந்தது. நேற்றுக் கடைசி ஆறு முறையும் தணிந்த அதே அளவுக்குத் தணிந்து மேலே போனது. ட்ரிங்கில் அதே சிறு சிரிப்பு. ஃபீட் ஃபெட் ஃபெட். தம்பி வந்தான், போனான். ஃப்ளை ஃப்ளூ ஃப்ளோன் வந்ததும் நடுச்சட்டம் மேலே எழுந்தது.

"தொண்ணூறு" என்றார் ஆய்வாளர், தனக்குள் பேசுகிறவர் மாதிரி. அடுத்த சட்டத்துக்கு, "தொண்ணூற்றொண்ணு." அதற்கடுத்ததற்கு மறுபடி தொண்ணூறு. நான்காவது சட்டத்தோடு மணிக்கட்டைக் கீழே இறக்கிவிட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை, சும்மா கேட்டுக்கொண்டு நின்றார்.

பத்துச் சட்டம், இருநூறு கைப்பிடி. துணியில் இரண்டு முனைக்கும் நடுவே அவற்றை ஒன்றொன்றாக அடுக்கினார். கடைசிக் கைப்பிடியை வைத்துவிட்டுச் சற்றுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். எதுவும் வெளியே போகவில்லை. படிவத்தில் நேரம் பார்க்கும் முறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தபோது, மனிதக் குரல் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி, இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அப்படியே எழுதினார். கிளம்பும்போது சித்தியிடம் வந்து, தானும் பள்ளியில் அதே பட்டியலைச் சொன்னவள்தான், 'ட்ரீம்' வரைக்கும்கூட இப்போது நினைவில்லை என்றார்.

அன்று மதியமே முதலாளி புதுக் கொட்டகையின் சாவியைச் சித்தியின் கையில் கொடுத்தார். சித்தி நன்றி சொல்லிவிட்டு, ஆறாவது தொட்டி கதவுக்கு ரொம்ப அருகில் இருக்கிறது, சட்டத்தைத் தூக்கித் திரும்ப இடமில்லை, அதை நகர்த்த வேண்டும் என்று சொன்னாள். இயந்திரக் கைக்காரர் தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றை வாங்கி, அதன் பின்புறத்தில் ஆறு தொட்டியும் எப்படி நிற்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினாள்.

மாலையில் மொட்டை மாடிக்குப் போனபோது கொடி நிறையத் துணி காய்ந்திருந்தது. நான் மடித்துக்கொண்டிருந்தேன். பட்டியலைப் பற்றி இனி நான் வாயைத் திறப்பதாக இல்லை.

"ம், சொல்லு. க்ரோ" என்றாள் சித்தி.

நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன். கோ வரைக்கும்தான் வெளிர்பொன் தொடர்பு, அது நல்லபடியாக முடிந்துவிட்டது. இதற்கு மேல் போனால் செம்பு நிறம் மாறும், பழுப்பு மாறும், கறுப்புக்குப் பட்டியல் மூன்று முறை என்பதால் அது தலைகீழாகிவிடும், புதுக் கொட்டகை தொடங்குகிற நேரத்தில் எதற்கு இந்த வம்பு என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

"மாறட்டும். குறியை மாத்திக்கலாம். எப்படி மாத்துறதுன்னு இப்பத்தான் தெரிஞ்சு போச்சே."

"நான் அடுத்த வாரம் கிளம்பறேன் சித்தி. டிக்கெட் போட்டாச்சு."

"எங்கன்னு கேக்க மாட்டேன். நீ எங்க போனாலும் ஒரே மாதிரிதான் இளைச்சுப் போய் வர்ற. இன்னும் அறுபத்தாறு இருக்கு. தினம் பதினஞ்சுன்னா அஞ்சு நாளு. மிச்ச நாள்ல மூட்டை கட்டு. நடுவுல விட்டுட்டுப் போனா, அங்க வந்து உன்னை இழுத்துட்டு வருவேன்."

படிக்கட்டிலிருந்து சித்தப்பா, அவள் வருவாள், பெட் பெட் பெட் என்றார்.

க்ரோ என்றால் வளர்வது என்றேன். சித்தி தலையணை உறையை உதறி, நான்காக மடித்து, முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, க்ரோ க்ரூ க்ரோன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எங்கே வைப்பது என்று யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"புதுசுகிட்ட நாளைக்கே சொல்லி வை, ஷூட்டும் நிரந்தரம் இல்லைன்னு. ரொம்பத்தான் துள்ளிக்கிட்டிருக்கா. அடுத்து என்ன, ஹேங் ஹங் ஹங்தானே? சொல்லு."